ஈஸ்ட் கோஸ்ட் கரையில் ஒரு ஆலா: சிங்கப்பூர் நாட்குறிப்பு

வியாழன், இரவு

திருச்சியிலிருந்து நாலு மணி நேரம்தான். பக்கத்து இருக்கைக்காரர் முறுக்குப் பொட்டலத்தைக் காலி செய்து ஒரு தூக்கமும் போட்டு எழுவதற்குள் சாங்கி வந்துவிட்டது. அக்கா வீடு பிடோக்கில், வீவக (அரசு வீட்டு வாரிய) அடுக்குமாடியில். சன்னலைத் திறந்தால் எதிர் புளோக்குகளின் இடுக்கில் கடல் ஒரு கீற்றாகத் தெரிகிறது. அதில் எப்போது பார்த்தாலும் கப்பல்கள் நிற்கின்றன.

நான் கால்நடை மருத்துவன். நாகப்பட்டினம் மாவட்டத்துக் கடற்கரையோர மருந்தகம் ஒன்றில் வேலை. சம்பளம் மாட்டுக்கும் ஆட்டுக்கும்தான். ஆனால் கோடியக்கரைப் பக்கத்து மீனவர்கள் கரையில் செத்துக் கிடக்கும் பறவைகளைக் கைப்பேசியில் படம் பிடித்து, "சார், இது ஏன் செத்துச்சு?" என்று எனக்கு அனுப்புவார்கள். படத்தை வைத்து அதைச் சொல்ல முடியாது. பறவையே கைக்கு வந்தாலும் பல நேரம் சொல்ல முடிவதில்லை. கடற்பறவை நடுக்கடலில் சாகிறது. நம் கண்ணில் படுவது காற்றும் நீரோட்டமும் கொண்டுவந்து தள்ளிய மிச்சம்.

அக்காவைப் பார்க்க வருவது ஒரு காரணம். தினமும் கூட்டிப் பெருக்கப்படும் கடற்கரையும் ஓயாத கப்பல் போக்குவரத்தும் உள்ள ஊரில் ஒரு கடற்பறவையின் சாவை யார் பார்க்கிறார்கள், யார் விசாரிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது இன்னொன்று. அத்தான் இதைக் கேட்டுவிட்டு, "லீவு போட்டு வந்து செத்த காக்காவத் தேடுறியாடா?" என்றார். காக்கா இல்லை அத்தான், ஆலா என்றேன். அவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

வெள்ளி

இங்கே காலை ஆறரை மணிக்கும் கும்மிருட்டு. சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் எழுகிறது. அதற்கு முன்னால் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்குப் போய்விட வேண்டும் என்று மருமகனைக் கிளப்பினேன். பாலிடெக்னிக்கில் படிக்கிறான், பறவை பார்க்கும் பழக்கம் உண்டு. "மாமா, நீங்க ஹாலிடேக்கு வந்திருக்கீங்கன்னு நெனச்சேன்" என்று முனகிக்கொண்டே வந்தான்.

பிடோக் படகுத்துறைக்குச் சற்று மேற்கே, நெற்றியில் விளக்கு மாட்டிய துப்புரவுத் தொழிலாளர்கள் வேலையைத் தொடங்கியிருந்தார்கள். அலை விட்டுச் சென்ற கோட்டை ஒட்டி வாரியால் இழுத்துக் குவித்து, கறுப்புப் பையில் அள்ளுகிறார்கள். தெர்மோகோல் துண்டு, செருப்பு, தண்ணீர் பாட்டில், கடற்புல், தேங்காய். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் அக்டோபர் வரை இந்தப் பக்கத்துக் கரையில் குப்பை அதிகம் ஒதுங்கும். மக்கள் வந்து போகிற கடற்கரைகளை தினமும் சுத்தம் செய்ய அரசு ஆள் வைத்திருக்கிறது. பொதுமக்கள் அவ்வளவாகப் போகாத கரைகளில் தன்னார்வலர்கள்தான் அவ்வப்போது கூடி அள்ளுகிறார்கள்.

இருட்டில் தமிழ்க் குரல் கேட்டது. மன்னார்குடிப் பக்கத்துக்காரர், ஐம்பதை நெருங்கும் வயது. நாகப்பட்டினம் என்றதும் வாரியைக் கீழே ஊன்றிவிட்டார்.

"அண்ணே, பறவை ஏதாவது செத்துக் கிடந்தா என்ன பண்ணுவீங்க?"

"பையில போட்ருவோம் தம்பி. வேற என்ன பண்றது? வெளிச்சம் வந்தா ஓடுறவங்க, சைக்கிள்காரங்க எல்லாம் வந்துருவாங்க. நாத்தம் அடிச்சா கம்ப்ளெய்ன்ட்டு."

"என்ன மாதிரிப் பறவை?"

"மைனா, புறா கிடக்கும். அப்பப்ப வெள்ளையா ஒண்ணு. மூக்கு கூரா, வாலு ரெண்டா பிரிஞ்சு."

அது ஆலாதான். எந்த மாதத்தில் அதிகம், காற்று எந்தப் பக்கம் அடிக்கும்போது வரும், எந்த இடத்தில் ஒதுங்கும் என்று கேட்டுக்கொண்டே போனேன். எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. ஓடை கடலில் சேரும் இடத்துக்குக் கிழக்கே, கல் தடுப்பின் உள்மூலையில்தான் எதுவும் தங்கும் என்றார். இதுவரை யாரும் தன்னிடம் இப்படிக் கேட்டதில்லை என்றும் சொன்னார்.

2024 ஜூன் 14 அன்று பாசிர் பாஞ்சாங் முனையத்தில் வோக்ஸ் மாக்சிமா என்ற நெதர்லாந்துத் தூர்வாரும் கப்பல், நின்றிருந்த மரீன் ஹானர் என்ற எண்ணெய்க் கப்பலில் மோதியது. சுமார் 400 டன் எரிபொருள் எண்ணெய் கடலில் கொட்டியது. செந்தோசா, ஈஸ்ட் கோஸ்ட், தெற்குத் தீவுகள் என்று ஒவ்வொரு கரையாகக் கறுத்தது. அண்ணனும் அந்தச் சுத்தம் செய்யும் கூட்டத்தில் இருந்தவர். "மணலையே சுரண்டி அள்ளுனோம் தம்பி. பூட்ஸ்ல ஒட்டுனது கடைசி வரைக்கும் போகல" என்றார்.

எண்ணெய் பறவையைக் கொல்லும் விதம் பலர் நினைப்பதுபோல் மூச்சு முட்டி அல்ல. இறகுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நீர் உள்ளே புகாமல் காக்கின்றன. கொஞ்சம் எண்ணெய் பட்டாலும் பின்னல் விட்டு, தண்ணீர் தோலைத் தொடுகிறது. வெப்ப மண்டலக் கடலானாலும் அதன் சூடு பறவையின் உடல் சூட்டைவிடக் குறைவு. குளிர்ந்து நடுங்கும் பறவை இரை தேடுவதை விட்டு இறகைக் கோத ஆரம்பிக்கும். கோதும்போது எண்ணெய் வயிற்றுக்குள் போகும். ஆக, ஒரே எண்ணெயால் குளிர், பட்டினி, விஷம் மூன்றும் வந்து சேர்கின்றன. இதில் எது கொன்றது என்று எழுதுவது?

பேசிக்கொண்டே அவர் சொன்ன அந்த உள்மூலைக்குப் போனோம். வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. சொல்லி வைத்ததுபோல் ஒன்று கிடந்தது.

கருப்புப் பிடரி ஆலா. வெள்ளை உடல், ஒரு கண்ணிலிருந்து பிடரி வழியாக மறு கண் வரை ஓடும் கறுப்புப் பட்டை, கறுத்த அலகு. சிங்கப்பூரின் கடற்பாறைகளிலேயே குஞ்சு பொரிக்கும் பறவை இது. வலது பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. கண் உள்ளே ஒடுங்கிவிட்டது. வாயோரத்தில் ஈ முட்டைகள் அரிசிக் குருணை அளவில் ஒட்டியிருந்தன. எறும்பு ஏறியிருந்தது. இறகில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. காலில் வளையம் இல்லை, தூண்டில் நரம்பும் சுற்றியிருக்கவில்லை. கையுறை போட்டு மார்பை மட்டும் தடவிப் பார்த்தேன். நல்ல நிலையில் உள்ள பறவைக்கு மார்பெலும்பின் இரு பக்கமும் சதை பருத்து, எலும்பு கையில் அவ்வளவாகத் தட்டுப்படாது. இதற்கு எலும்பு கத்தி முனை போலத் துருத்திக்கொண்டிருந்தது. பறக்கும் தசையையே எரித்துத் தின்றிருக்கிறது.

எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள எனக்குக் கை துறுதுறுத்தது. "மாமா, இங்க அப்படியெல்லாம் பண்ணக் கூடாது" என்று மருமகன் தடுத்தான். பேனாவைப் பக்கத்தில் வைத்து, மேலிருந்தும் பக்கவாட்டிலும் படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, சொல்ல வேண்டியவர்களுக்குச் சொன்னான். அனுமதி வைத்திருக்கும் ஆய்வாளர் ஒருவர் ஒன்பது மணிவாக்கில் வந்தார். பறவையை இரட்டைப் பையில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்தார். உறையவைப்பதில்லை, குளிரவைப்பதுதான். உறைந்தால் திசுக்களுக்குள் பனிப் படிகம் உண்டாகி உயிரணுக்களைக் கிழித்துவிடும். அப்புறம் நுண்ணோக்கியில் ஒன்றும் தெளிவாகத் தெரியாது. ஆனால் இந்த ஊர்ச் சூட்டில் குளிரவைப்பதற்குள்ளேயே பாதிக் கதை அழுகிப் போகிறது. குடல்தான் முதலில் கெடும், பின்னாலேயே கல்லீரல். காலை பத்து மணிக்கு ஒருவர் புகார் கொடுத்து, பிற்பகலில் இன்னொருவர் வந்து எடுக்கும் பறவையில் தேடுவதற்கு அதிகம் மிஞ்சாது.

எனவே இருட்டோடு கரைக்கு வருகிறவர்தான் முக்கியமான சாட்சி. அவர் கையில் வாரி இருக்கிறது, பை இருக்கிறது. சொல்லக் கேட்க ஆள் இல்லை.

எடுத்துப் போடுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. ராஜஸ்தானின் சாம்பார் ஏரியில் 2019 நவம்பரில் 18,000-க்கு மேற்பட்ட பறவைகள் செத்தபோது காரணம் பாட்டுலிசம் என்ற பாக்டீரியா நச்சு என்று உறுதியானது. செத்த பறவையில் நச்சு உருவாகிறது. அதைத் தின்ற புழுவுக்கு ஒன்றும் ஆவதில்லை. புழுவைத் தின்ற பறவை கழுத்தைத் தூக்க முடியாமல் சாகிறது. அதில் மறுபடி புழு. அங்கே பிணங்களை வேகமாக அள்ளியதுதான் வைத்தியம். அள்ளட்டும். அள்ளுவதற்கு முன் ஒரு படம், ஒரு எண்ணிக்கை. அவ்வளவுதான் கேட்கிறேன்.

திரும்பும் வழியில் பிரட்டா, மீன் குழம்பு. மருமகன் மூன்று சாப்பிட்டான்.

சனி

படகு. மரீனா சவுத் படகுத்துறையிலிருந்து விடியற்காலையில் கிளம்பினோம். பறவை ஆர்வலர்கள் செலவைப் பகிர்ந்துகொண்டு ஒரு படகை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். சீனர்கள், ஆங்கிலேயர் ஒருவர், எங்களைத் தவிர இன்னொரு தமிழ்க் குடும்பம். அந்த அம்மா எல்லாருக்கும் சேர்த்து இட்லியும் மிளகாய்ப்பொடியும் கொண்டுவந்திருந்தார். கடலில் குமட்டலுக்கு இஞ்சி மிட்டாயும் தந்தார். எங்கள் ஊர் மீனவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள்.

சிங்கப்பூர் நீரிணையின் அகலம் சுமார் 16 கிலோமீட்டர்தான். தெற்கே பாத்தாம் தீவின் கட்டடங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. இந்த இடுக்கு வழியாகத்தான் இந்தியப் பெருங்கடலும் தென்சீனக் கடலும் கைகோக்கின்றன. கப்பலுக்கும் இதுதான் வழி, பறவைக்கும் இதுதான் வழி. கப்பல்களுக்கு எரிபொருள் நிரப்புவதில் உலகிலேயே பெரிய துறைமுகம் இது. 2024-இல் மட்டும் சுமார் 5.5 கோடி டன் விற்றிருக்கிறார்கள். படகிலிருந்து பார்க்கும்போது அந்த எண்ணிக்கை வயிற்றைக் கலக்குகிறது. 400 டன் கொட்டியதற்கே அந்தப் பாடு.

செப்டம்பர் மாதத்தில் இங்கே வருவதற்குக் காரணம் சுவின்ஹோ ஸ்டார்ம் பெட்ரல். ஜப்பான், கொரியா, சீனத் தீவுகளின் வளைகளில் குஞ்சு பொரித்துவிட்டு அரபிக்கடல் பக்கம் போகும் கறுப்பு நிறப் பறவை. மைனாவை விடச் சிறிய உடல். எட்டு மணிக்கு மேல் ஒன்று கண்ணில் பட்டது. அலை மடிப்புக்குள் இறங்கி, எழுந்து, மீண்டும் இறங்கி, ஒரு சரக்குக் கப்பலின் முகப்புக்கு முன்னால் குறுக்கே போயிற்று. படகிலிருந்த அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அது பாட்டுக்குப் போயிற்று.

இந்த இனத்துக்கு வெளிச்சம் எமன். இரவில் விளக்குகளால் திசை குழம்பிக் கப்பல் தளத்திலோ கட்டடத்திலோ விழும். கால்கள் பின்தள்ளி இருப்பதால் சமதளத்திலிருந்து எழும்பச் சிரமப்படும். உடம்பில் ஒரு காயமும் இருக்காது, விடியும்போது செத்திருக்கும். அப்படி ஒரு பறவை பரிசோதனை மேசைக்கு வந்தால், எந்த இடத்தில் எத்தனை மணிக்கு எடுத்தது என்ற குறிப்பு இல்லாமல் யாராலும் காரணம் சொல்ல முடியாது. கண்டெடுத்தவர் "விளக்குக் கம்பத்துக்குக் கீழே" என்று இரண்டு வார்த்தை எழுதியிருந்தால், அது நுண்ணோக்கியை விடப் பெரிய சாட்சி.

அப்புறம் அலூஷியன் ஆலாக்கள். அலாஸ்காவிலும் ரஷ்யாவின் கிழக்குக் கோடியிலும் இனப்பெருக்கம் செய்பவை. குளிர்காலத்தில் எங்கே போகின்றன என்று நெடுங்காலம் யாருக்கும் தெரியவில்லை. 1992-இல் ஹாங்காங் அருகே கண்டுபிடித்தபோதுதான் முதல் துப்பு கிடைத்தது. இன்று நாங்கள் பார்த்தவை மிதக்கும் குப்பையின்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தன: ஒரு மரக்கட்டையில் நாலு, தெர்மோகோல் பலகையில் ஒன்று, கவிழ்ந்த பிளாஸ்டிக் கூடையில் இரண்டு. கடற்பறவைதான், ஆனால் தண்ணீரில் உட்கார விரும்புவதில்லை. குப்பை இங்கே ஆசனம். அதே குப்பை வேறு இனத்துக்கு வயிற்றில் போய் வினை. எழுதுவதற்கு எனக்கே கசப்பாக இருக்கிறது, ஆனால் அந்தப் பலகையில் உட்கார்ந்திருந்த பறவை நன்றாகத்தான் இருந்தது.

செத்த பறவை எதையும் நாங்கள் பார்க்கவில்லை. அது நல்ல செய்தியா என்று கேட்டால் தெரியாது. இவ்வளவு பெரிய நீர்ப்பரப்பில் மிதக்கும் ஒரு சின்ன உடல், மீனோ கழுகோ எடுப்பதற்கு முன் நம் படகின் வழியில் வரவேண்டும்.

ஞாயிறு

இன்று பறவை இல்லை என்று அக்கா சட்டம் போட்டுவிட்டாள். தேக்கா (லிட்டில் இந்தியா) போனோம். வீரமாகாளியம்மன் கோயில், அப்புறம் சந்தை. ஈரச்சந்தையில் கோழிக் கடை முன்னால் நின்று நான் கல்லீரலின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததாக அக்கா புகார். தொழில் புத்தி.

கோழி என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த ஊர் தன் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறது. 2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது கோழிச் சோற்றுக் கடைகள் பட்ட பாட்டை அத்தான் இன்னும் கதையாகச் சொல்கிறார். அந்தத் தடை நோயால் அல்ல, மலேசியாவுக்குள்ளேயே கோழி பற்றாததால். பறவைக் காய்ச்சல் என்றால் இந்த ஊர் ஏன் இவ்வளவு உஷாராக இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இங்கே காட்டுப் பறவையின் சாவு சூழலியல் விஷயமாக மட்டும் நிற்பதில்லை. சோற்றுத் தட்டு வரை வரும்.

கடற்பறவைகளுக்கும் அந்தக் கிருமிக்கும் பழைய உறவு. காட்டுப் பறவைகளில் கொடிய வகைப் பறவைக் காய்ச்சல் முதலில் கண்டறியப்பட்டதே 1961-இல், தென்னாப்பிரிக்கக் கரையில் செத்து விழுந்த சுமார் 1,300 ஆலாக்களில். அதன் பிறகு பல பத்தாண்டுகள் கடற்பறவைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான். 2021-க்குப் பின் வந்த எச்5என்1 வகைக் காய்ச்சல் அலைதான் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. ஸ்காட்லாந்தின் பாஸ் ராக் பாறையில் 2022-இல் கேனட் பறவைகள் கூடுகளிலேயே செத்தன. தப்பிய சிலவற்றின் வெளிர்நீலக் கண் கறுத்துப்போயிருந்தது. ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருப்பதைப் பார்த்து, நோய் வந்து மீண்டவை இவை என்று உறுதி செய்தார்கள். பெருவில் பெலிக்கன்களும் பூபிகளும் லட்சக்கணக்கில் போயின.

ஆனால் ஒன்று. செத்த பறவை எல்லாம் காய்ச்சல் பறவை இல்லை. ஒரே இடத்தில் பல, ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள், உயிரோடிருப்பவை தலை சுற்றி வட்டமடிப்பது, இப்படிச் சேர்ந்து வந்தால்தான் என் மண்டையில் மணி அடிக்கும். வெள்ளிக்கிழமை ஆலா தனியாகக் கிடந்தது.

மத்தியானம் வாழையிலைச் சாப்பாடு, மீன் தலைக் கறி. தூங்கிவிட்டேன்.

திங்கள்

கென்ட் ரிட்ஜில் உள்ள லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம். 2015-இல் திறந்தது. மூன்று டைனோசர் எலும்புக்கூடுகளைப் பார்க்கத்தான் பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். நான் போனது திமிங்கிலத்துக்கு.

2015 ஜூலை 10 அன்று ஜூரோங் தீவுக்கு அருகே 10.6 மீட்டர் நீளப் பெண் ஸ்பெர்ம் திமிங்கிலம் ஒன்று செத்து மிதந்தது. சிங்கப்பூரின் ஐம்பதாம் ஆண்டு என்பதால் ஜூபி லீ என்று பெயர் வைத்தார்கள். எலும்பைச் சுத்தம் செய்து தொங்கவிட்டிருக்கிறார்கள். குடலில் கணவாய் அலகுகள் குவியலாகக் கிடைத்தன. கூடவே பிளாஸ்டிக் கோப்பையும் உணவு உறையும். "பிளாஸ்டிக் தின்று செத்த திமிங்கிலம்" என்று தலைப்பு எழுத எவருக்கும் கை வரும். ஆனால் முதுகில் ஆழமான காயம் இருந்தது. கப்பல் மோதியிருக்க வேண்டும் என்பதுதான் ஆய்வாளர்களின் கணிப்பு. வயிற்றில் இருப்பது ஒன்று, கொன்றது வேறொன்று. பரிசோதனை மேசையில் கண்ணைக் கவர்வதையே காரணம் என்று எழுதிவிடும் ஆபத்து எங்கள் தொழிலில் எப்போதும் உண்டு. பசுவின் இரைப்பையைத் திறந்தால் பாலித்தீன் பை இல்லாத பசு எங்கள் ஊரில் குறைவு. எல்லாப் பசுவும் அதனால் சாவதில்லை.

பிளாஸ்டிக் ஒன்றும் செய்யாது என்று இதற்குப் பொருள் இல்லை. ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹோவ் தீவில் ஷியர்வாட்டர் என்ற கடற்பறவைக் குஞ்சுகளின் இரைப்பைச் சுவர் பிளாஸ்டிக் துண்டுகள் குத்திக் குத்தித் தழும்பேறியிருப்பதை ஆராய்ந்து 2023-இல் அதைத் தனி நோயாகவே அறிவித்தார்கள். தழும்பை நுண்ணோக்கியில் காட்ட முடிந்ததால்தான் அந்த முடிவு நின்றது. பிளாஸ்டிக்கை எடுத்துக் காட்டியதால் மட்டும் அல்ல.

அரும்பொருளகத்தில் பறவைத் தோல்கள் இழுப்பறைகளில் மல்லாக்கக் கிடத்தப்பட்டிருப்பதைப் படத்தில்தான் பார்த்தேன். அந்தப் பகுதி பொதுமக்களுக்கு இல்லை. ஒவ்வொன்றின் காலிலும் சீட்டு: இடம், நாள், கண்டெடுத்தவர். கட்டடக் கண்ணாடியில் மோதிச் செத்த வலசைப் பறவைகளைச் சேகரித்து வைக்கும் வேலையும் இந்த ஊரில் சில ஆண்டுகளாக நடக்கிறது. திசுவை எத்தனாலில் போட்டு வைத்தால் போதும், இன்று கேட்கத் தெரியாத கேள்வியை நாளைக்கு ஒருவர் கேட்பார்.

இதற்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. 1961 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் மான்டரே வளைகுடாக் கரையில், கேபிடோலா என்ற ஊரில், ஒரு விடியற்காலை ஷியர்வாட்டர் பறவைகள் வீடுகள்மேலும் தெருவிளக்குகள்மேலும் வந்து மோதி விழுந்தன. தின்ற மீனைக் கக்கின. மூடுபனியில் வழி தவறியது என்றார்கள். முப்பது ஆண்டு கழித்து, 1991-இல் அதே வளைகுடாவில் பெலிக்கன்களும் நீர்க்காகங்களும் செத்தபோது, நுண்பாசி ஒன்று உண்டாக்கும் டோமோயிக் அமிலம் என்ற நரம்பு நச்சு அகப்பட்டது. உடனே பழைய சம்பவத்தின்மேல் சந்தேகம் விழுந்தது. 1961 கோடையில் அந்தக் கடலில் அள்ளிப் புட்டியில் பாதுகாத்திருந்த மிதவை உயிரிகளை, சுமார் 50 ஆண்டுக்குப் பின் எடுத்துப் பார்த்தார்கள். அவற்றின் வயிற்றில் அந்த நச்சுப் பாசி நிறைய இருந்தது. புட்டியைத் தூக்கி எறியாத ஏதோ ஒரு உதவியாளருக்கு நான் மனதார ஒரு கும்பிடு போட்டேன்.

சிங்கப்பூருக்கும் பாசி தெரியும். 2015 தொடக்கத்தில் ஜொகூர் நீரிணையில் நச்சுப் பாசி பெருகி, பண்ணைக் கூண்டுகளில் 500 டன்னுக்கு மேல் மீன் செத்தது. சாங்கி, பாசிர் ரிஸ் கரைகளில் வெள்ளை வெள்ளையாக மீன் ஒதுங்கியதை அத்தான் பார்த்திருக்கிறார். "நாத்தம் வீடு வரைக்கும் வந்துச்சு" என்றார். மீனை எண்ணினார்கள், அது பண்ணைக்காரர்களின் காசு. அந்த மீனைத் தின்ற கொக்கையும் ஆலாவையும் எண்ணினார்களா அத்தான் என்றேன். என்னை ஒருமாதிரி பார்த்தார்.

செவ்வாய்

காலையில் சுங்கை பூலோ சதுப்பு நிலக் காப்பகம். அலை ஏறும் நேரத்துக்குப் போக வேண்டும், அப்போதுதான் சேற்றுத் திட்டுகள் மூழ்கி உள்ளான்கள் மறைவிடங்களுக்குப் பக்கத்தில் வந்து ஒதுங்கும். முதலை ஒன்று வாயைத் திறந்து கரையில் கிடந்தது. பாலத்தில் நின்ற கூட்டம் அதைத்தான் பார்த்தது. எனக்குப் பவளக்காலி என்ற உள்ளான். இங்கே இடம் காட்டும் கருவி மாட்டி அனுப்பிய பவளக்காலிகள் இமயமலையைக் கடந்து கிங்காய்–திபெத் பீடபூமிக்குப் போயிருக்கின்றன. 2005-இல் கிங்காய் ஏரியில் வாத்துகளும் கடற்காகங்களுமாக ஆயிரக்கணக்கில் எச்5என்1-ஆல் செத்தன. ஒரே சேற்றில் நிற்கும் இந்தப் பறவைகள் எங்கிருந்தெல்லாம் வந்தவை என்று நினைத்தால், காட்டுப் பறவைகளிடம் மாதிரி எடுத்துச் சோதிக்க ஏன் மெனக்கெடுகிறார்கள் என்பது விளங்கும்.

மதியம் ஆய்வாளர் அழைத்தார். ஆலாவைத் திறந்து பார்த்துவிட்டார். எலும்பு முறிவு இல்லை. எண்ணெய் இல்லை. இரைப்பை காலி, பிளாஸ்டிக்கும் இல்லை. தோலுக்கடியில் கொழுப்பு சுத்தமாக இல்லை. கல்லீரலும் குடலும் திசுப் பரிசோதனைக்கு லாயக்கில்லாத அளவுக்குக் கெட்டிருந்தன. தொண்டையிலும் பின்துளையிலும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து அனுப்பியிருக்கிறார். அது வர நாளாகும். இப்போதைக்கு அவர் எழுதியது: மெலிந்து இறந்தது, காரணம் தெரியவில்லை.

மருமகனுக்கு ஏமாற்றம். "அவ்வளவுதானா மாமா? பட்டினியா?"

பட்டினி காரணம் இல்லையடா என்றேன். பட்டினி ஒரு நிலை. ஏன் பட்டினி என்பதுதான் கேள்வி. வயதானதா, முதல் வருடக் குஞ்சு மீன் பிடிக்கக் கற்கவில்லையா, குடற்புழுவா, இறக்கையில் வெளியே தெரியாத சுளுக்கா, கடலில் மீனே இல்லையா? 2015–16 குளிர்காலத்தில் வட பசிபிக் கரைகளில் சுமார் 62,000 மர் (murre) என்ற கடற்பறவைகள் செத்து ஒதுங்கின. திறந்து பார்த்தவை பெரும்பாலும் இந்த ஆலாவைப் போலத்தான், எலும்பும் தோலும், காலி இரைப்பை. கிருமியைத் தேடினார்கள், நச்சைத் தேடினார்கள். கடைசியில் விடை பறவைக்குள் இல்லை. கடல் வழக்கத்தை மீறிச் சூடாகி, அவை தின்னும் சின்ன மீன்கள் குறைந்துபோயிருந்தன. கூடுகளை ஆண்டுக்கணக்கில் எண்ணி வந்தவர்கள் 2024-இல் சொன்ன கணக்கு இன்னும் கொடியது: அலாஸ்காவில் மட்டும் சுமார் 40 லட்சம் பறவைகள், ஏறக்குறைய பாதி. கரையில் எண்ணிய 62,000 அதன் ஓரம்.

அந்த 62,000-த்தையும் எண்ணியவர்களில் பெரும்பங்கு விஞ்ஞானிகள் இல்லை. மாதாமாதம் ஒரே கரையில் நடந்து, ஒன்றும் கிடைக்காவிட்டாலும் "ஒன்றுமில்லை" என்று எழுதி வைத்த சாதாரண மனிதர்கள். அந்த "ஒன்றுமில்லை"கள் இருந்ததால்தான் திடீரென்று கூடியபோது கூடியது என்று தெரிந்தது. ஒரே ஒரு ஆலாவை வைத்து நானோ அந்த ஆய்வாளரோ ஒன்றும் சொல்ல முடியாது. இதே மூலையில் போன வருடம் இதே மாதம் எத்தனை கிடந்தன என்று தெரிந்தால் ஏதாவது சொல்லலாம். அது மன்னார்குடி அண்ணனுக்குத் தெரியும், தோராயமாக. எழுதி வைக்கத்தான் யாரும் அவரைக் கேட்கவில்லை.

மாலை அவரைப் பார்க்க மறுபடி போனோம். தங்கும் விடுதிக்குப் போகிற லாரிக்காகக் காத்திருந்தார். மருமகன் அவர் கைப்பேசியில் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கிக் கொடுத்தான்: அவர், அவருடைய இரண்டு கூட்டாளிகள், மருமகன், அந்த ஆய்வாளர். விதிகள் சுருக்கம். தொடாதே, செருப்பையோ வாரியையோ பக்கத்தில் வைத்துப் படம் எடு, எந்த இடம் என்று குரலில் சொல். அப்புறம் மேற்பார்வையாளர் சொல்கிறபடி செய். மேற்பார்வையாளரிடமும் பேசிவிட்டோம். வேலை நேரத்தில் கைப்பேசியா என்று முதலில் முகம் சுளித்தார். படம் எடுக்க அரை நிமிடம் ஆகும் என்று நேரத்தைக் கணக்குப் பார்த்துக் காட்டிய பிறகு சரி என்றார். நாள் செல்லச் செல்ல இது நிற்குமா என்பது சந்தேகம்தான். இப்படித் தொடங்கிய குழுக்கள் எத்தனையோ பொங்கல் வாழ்த்துக் குழுக்களாக மாறியதைப் பார்த்திருக்கிறேன்.

"செத்தது மட்டும்தானா, உசுரோட தள்ளாடுறதையும் எடுக்கலாமா?" என்று அண்ணன் கேட்டார். நான் சொல்ல மறந்திருந்த விதி அது. தள்ளாடும் பறவை செத்ததைவிடப் பத்து மடங்கு பெறுமதி, உடனே அழையுங்கள் என்றேன்.

புதன், சாங்கி விமான நிலையம்

விமானம் ஒரு மணி நேரம் தாமதம். பெட்டியில் அக்கா கட்டிய மைலோ டப்பாக்களும் தைலப் புட்டிகளும். மாதிரி எதுவும் எடுத்து வரவில்லை. நாடு விட்டு நாடு திசு கொண்டுபோவதற்கு இருக்கும் காகித வேலையை நினைத்தாலே தலை வலிக்கும்.

அடுத்த மாதம் கோடியக்கரைக்கு வலசைப் பறவைகள் வந்து குவியும். வடகிழக்குப் பருவமழையும் புயலும் அதே நேரம். வேதாரண்யம், ஆறுகாட்டுத்துறை, புஷ்பவனம் மீனவர்களில் யார் யாரைக் கேட்பது என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறேன். அவர்களும் இருட்டோடு கரைக்கு வருகிறவர்கள்தான். வனத்துறையிடம் முறையாக அனுமதி கேட்க வேண்டும். ஐஸ் அவர்களிடமே இருக்கிறது, அந்தக் கவலை இல்லை. பறவை மருந்தகத்துக்கு வந்து சேர்ந்தபின் ஆய்வகத்துக்குப் போகும்வரை நாலு டிகிரியில் வைக்க வேண்டும்.

அதற்காகத்தான் இப்போது ஊருக்குப் பேசினேன். மருந்தகத்தில் தடுப்பூசி வைக்கும் பெட்டியை விட்டால் பழைய ஃபிரிட்ஜ் ஒன்று உண்டு.

"அதுவா சார்? நீங்க கெளம்புன அன்னிக்கே கம்ப்ரசர் போயிருச்சு" என்றார் எங்கள் உதவியாளர். "உள்ள ஃபைலத்தான் வச்சிருக்கோம்."

ஃபைலை எடுத்து மேசையில் போட்டுவிட்டு மெக்கானிக்கை வரவழைக்கச் சொல்லியிருக்கிறேன். போர்டிங் அழைக்கிறார்கள்.